ஸ்வால்பார்டா, ஃபாக்லாந்தா? குடியேற நினைப்பவருக்கு ஒரு கணக்கு

வடதுருவத்துக்குப் பக்கத்தில், நார்வேயின் ஸ்வால்பார்டில் ஒரே ஒரு குளிர்காலம் இருந்தேன். இப்போது தென் அட்லாண்டிக்கில், பிரிட்டனின் ஃபாக்லாந்து தீவுகளில் நாலாவது வருடம். இரண்டு இடத்திலும் சமையல் வேலைதான். குளிர், விலைவாசி, தனிமை மூன்றும் அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு. அதை விட்டுவிடுவோம்.

ஸ்வால்பார்டுக்கு விசாவே வேண்டாம். ஸ்வால்பார்டு பற்றிய 1920 ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாட்டவருக்கெல்லாம் அங்கே சம உரிமை. நார்வே அதை மற்றவர்களுக்கும் விரித்துவிட்டது. வழியில் நார்வேயில் இறங்கி ஏற, போகவும் வரவும் சேர்த்து ஷெங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசா, எடுத்தால் போதும். வரியும் குறைவு.

ஆனால் அங்கே கழியும் நாள் எதிலும் சேராது. ஸ்வால்பார்டின் முக்கிய ஊரான லாங்யர்பியனில் பத்து வருடம் இருந்தாலும் நார்வேயின் நிரந்தரக் குடியிருப்புக்கு ஒரு நாள்கூடக் கணக்கில் வராது. கையில் காசில்லாதவரை ஆளுநர் திருப்பி அனுப்பலாம். 2022ல் வந்த மாற்றத்துக்குப் பிறகு, நார்வேயின் பெருநிலத்தில் மூன்று வருடம் வாழ்ந்திராத வெளிநாட்டவருக்கு உள்ளூர்த் தேர்தலில் ஓட்டும் கிடையாது. வீடு பெரும்பாலும் முதலாளி கொடுப்பது. அந்த ஊரில் பல கட்டிடங்களில் வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிட வேண்டும். என்னோடு வேலை பார்த்தவருக்கு வேலை போனதும் சாவியையும் கொடுக்க வேண்டியதாயிற்று. வாசலில் ஷூ வைக்கும் பலகையில் அவர் ஷூ இருந்த இடம் மறுநாளே காலி. அதைப் பார்த்த அன்றுதான் ஃபாக்லாந்தில் வேலை தேட ஆரம்பித்தேன்.

இங்கே நுழைவதுதான் கஷ்டம். முதலில் வேலை கிடைக்க வேண்டும், அதை வைத்துத்தான் அனுமதி. பயணிகள் விமானம் சிலியின் புன்டா அரினாஸிலிருந்து வாரம் ஒன்று. காற்று இடம் கொடுத்தால்தான் அதுவும். தலைநகர் ஸ்டான்லியில் வாடகை வீடு கிடைப்பதும் சுலபமில்லை. ஆனால் உள்ளே வந்துவிட்டால் ஒவ்வொரு வருடமும் நம் பக்கம் சேர்கிறது. புள்ளி முறையில் நிரந்தரக் குடியிருப்பு அனுமதி கேட்கலாம். அது கையில் இருந்தால் நிலம் வாங்கத் தனி உரிமம் தேவையில்லை. ஏழு வருடம் இருந்தவர் தீவுக்காரர் என்ற அந்தஸ்துக்கே விண்ணப்பிக்கலாம், கிடைத்தால் சட்டமன்றத்துக்கு ஓட்டும் போடலாம்.

தனி ஆளாகப் போய் இரண்டு வருடம் சம்பாதித்துத் திரும்புகிறவருக்கு ஸ்வால்பார்டே சரி. எனக்குக் குடும்பம் இருக்கிறது. இந்த வருடம் வீட்டுக்குப் பின்னால், காற்றுக்கு மறைப்பாக ஒரு பிளாஸ்டிக் கூடாரம் கட்டிக் கொத்தமல்லி விதைத்திருக்கிறோம்.