மொட்டை மெயில் அனுப்பியவனைக் கண்டுபிடித்துத் தருகிறோம் என்றால் நம்பாதீர்கள்: 18,500 ரூபாய் போச்சு

இன்று காலைதான் அந்த ஆள் என் நம்பரை பிளாக் செய்தான். ஆறே நாளில் 18,500 ரூபாய். ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

தங்கச்சிக்கு தேவகோட்டையில் இடம் பேசி முடித்திருந்தோம். போன வாரம் மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு மெயில். முன்பெல்லாம் இன்லண்ட் லெட்டரில் பெயர் போடாமல் வரும் அதே அசிங்கம், இப்போது புதிதாகத் திறந்த ஜிமெயில் முகவரியிலிருந்து வருகிறது. அவர்கள் நல்ல மனிதர்கள். எங்களுக்கே அனுப்பி, "நாங்க நம்பலை, யாருன்னு மட்டும் பாருங்க" என்றார்கள். ஆத்தா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

ராத்திரி ஒரு மணிக்கு நெட்டில் தேடியபோது, மெயில் அனுப்பியவரை 48 மணி நேரத்தில் கண்டுபிடித்துத் தரும் தளம் ஒன்று கிடைத்தது. வாட்ஸப்பில் உடனே பதில். "மெயிலைத் திறந்து மூணு புள்ளியை அழுத்துங்கண்ணே, 'அசலைக் காட்டு'ன்னு வரும், அதை அப்படியே காப்பி பண்ணி அனுப்புங்க" என்றான். விஷயம் தெரிந்தவன் என்று நினைத்தேன். அப்புறம், "எங்க அக்கா கல்யாணத்துக்கும் இப்படித்தான் மொட்டைக் கடுதாசி வந்துச்சு, உங்க வேதனை எனக்குப் புரியும்" என்றான். அந்த ஒரு வார்த்தையில்தான் விழுந்தேன். ஜிபேயில் முதலில் 3,500, மறுநாள் 15,000.

வந்தது ஒரு பக்க பிடிஎஃப். ஐபி எண் (இணையத்தில் ஒரு இணைப்புக்கு உள்ள முகவரி), ஒரு வரைபடம், சிவப்புப் புள்ளி. மவுண்டன் வியூ, கலிபோர்னியா.

பெரியப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை அப்பச்சி என்போம், இவர் பெரியப்பா) மகன் வேலை பார்ப்பது சான் ஹோசேயில். பக்கத்து ஊர். அப்பச்சி அந்தத் தாளோடு வளவைத் தாண்டிப் போய், "அண்ணே, உங்க மகன் பார்த்த வேலையா இது?" என்று கேட்டுவிட்டார். பெரியப்பச்சி ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தச் சத்தம் என் காதிலேயே இருக்கிறது.

சென்னையில் மெயில் சர்வர் வேலை பார்க்கும் நண்பனிடம் காட்டினேன். ஒரே நிமிடத்தில் சொன்னான்: அது கூகுளுடைய சொந்த சர்வர். ஜிமெயில் தளத்திலிருந்தோ ஆப்பிலிருந்தோ போகும் மெயிலின் ஹெடரில் ('அசலைக் காட்டு'வில் தெரியும், மெயில் வந்த வழியின் பதிவு) அனுப்பியவருடைய ஐபி இருக்காது. பக்கத்துத் தெருவிலிருந்து அனுப்பினாலும் பெரும்பாலும் அதே கலிபோர்னியாதான் காட்டும். இதற்கா 18,500!

கேட்டால், "டீம் செக் பண்ணுது." அடுத்த நாள், "சர்வர் டவுன்." அதற்கடுத்த நாள், "லெவல் 2 ட்ரேஸ் போட்டாத்தான் ஆள் பேர் வரும், இன்னும் 9,000 ஆகும்." பணத்தைத் திருப்பிக் கொடு என்றேன். பிளாக்.

என்ன செய்யலாம் என்று விவரமாக எழுத நினைத்தேன், மனசு நிலையாக இல்லை. மெயிலை அழிக்காதீர்கள், ஹெடரோடு பத்திரப்படுத்துங்கள். கணக்கைத் திறந்தவர் யார், எந்த ஐபியிலிருந்து பயன்படுத்தினார் என்று கூகுளிடமும், அந்த நேரத்தில் அந்த ஐபி யாரிடம் இருந்தது என்று இன்டர்நெட் கம்பெனியிடமும் சட்டப்படி கேட்டு வாங்க போலீசால்தான் முடியும். பணம் போனால் அந்த நிமிடமே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடியுங்கள், என்னைப் போல நாலு நாள் காத்திருக்காதீர்கள். ஒரு ஊர்ப் பெயர் வந்ததும் சொந்தத்தில் ஆள் தேடாதீர்கள்.

நாளைக் காலை சிவகங்கை சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போகிறேன். அதற்கு முன்னால் அப்பச்சியைக் கூட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்கு, பெரியப்பச்சியிடம் போக வேண்டும்.