வேனில் வரும் ‘ஆழ்கடல் நீர்’: தொட்டி வைத்திருப்போர் கவனத்திற்கு

கும்பகோணத்தில் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டியில் கோமாளி மீன்களும் மென்பவளங்களும் வளர்த்துவருகிறேன். வாராவாரம் நீர் மாற்றுவதற்காக, நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வேனில் வரும் ஒருவரிடம் ‘ஆழ்கடல் நீர்’ என்ற பெயரில் 20 லிட்டர் கேன்களை ஐந்து மாதம் வாங்கி ஏமாந்தேன். அதே வேன் மயிலாடுதுறைக்கும் தஞ்சாவூருக்கும் போவதாகக் கேள்விப்பட்டதால் இதை எழுதுகிறேன்.

ஒவ்வொரு முறையும் அவர் என் கண்ணெதிரே நீரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு, கடல்நீருக்குரிய 1.025 என்று காட்டுவார். நானும் அதோடு நின்றுவிட்டேன். ஐப்பசி மழை தொடங்கியபின் பாறைகளின்மேல் பச்சை இழைப்பாசி நாற்றங்கால்போல் அடர்ந்தது; பாறையில் ஓடுபோல் படரும் ஊதாநிறக் கோரலைன் பாசி வெளுத்தது; மென்பவளங்களில் ஒன்றான தோல்பவளம் நாட்கணக்கில் விரியவில்லை. தீனி மிஞ்சிவிட்டதோ என்று என்னையே நொந்துகொண்டு, மீன்களை அரைவயிற்றில் வைத்தேன். அந்தப் பாவம் இன்னும் உறுத்துகிறது.

கடைசியில், அப்போதுதான் இறக்கிய கேனிலிருந்தே நீரெடுத்து, பாசிக்கு உரமாகும் பாஸ்பேட் எவ்வளவு என்று சோதித்தேன். குழாயிலிருந்த நீர் சொட்டுநீலம் கரைத்ததுபோல் மாறிற்று: லிட்டருக்கு 0.5 மில்லிகிராமுக்கும் மேல். பவளத்தொட்டியில் 0.1-ஐத் தாண்டவிடக் கூடாது என்பது நம்மில் பலர் வைத்திருக்கும் வரம்பு. கடல்நீரில் லிட்டருக்கு 410 மில்லிகிராம் அளவில் இருக்க வேண்டிய கால்சியமோ 290 தான் இருந்தது.

கேட்டதற்கு, “மழையில படகு எப்படிங்க போகும்? முகத்துவாரத்துலதான் அள்ளினோம், உப்புப் போட்டுச் சரிபண்ணிட்டோம்” என்றார். வயல் வடிகால்களில் கரைந்துவரும் டிஏபி உரமும் இறால் குட்டைகளின் கழிவுநீரும் கலக்கிற நீர் அது. அதில் சாதாரண உப்பைக் கரைத்தால் ஹைட்ரோமீட்டர் 1.025 காட்டத்தான் செய்யும். எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. ஆகவே பணம் கொடுக்குமுன் கேன் நீரிலேயே பாஸ்பேட்டையும் கால்சியத்தையும் சோதித்துவிடுங்கள். எனக்கு அவர் ஒரு ரூபாயும் திருப்பித் தரவில்லை.

பணத்தைவிடப் பெரிய இழப்பு பாறைகளில் இருக்கிறது. சுண்ணாம்புப் பாறை பாஸ்பேட்டைப் பிடித்துவைத்துக்கொண்டு, நீர் சுத்தமான பிறகும் சிறிது சிறிதாகக் கக்கும். பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடுக் குருணையை மொத்தமாகப் போட்டால் அளவு சட்டென்று இறங்கிப் பவளங்கள் சுருங்கிவிடும் என்பதால், ஒரு கைப்பிடி மட்டும் பில்டர் பையில் இட்டு, தீர்ந்ததும் மாற்றிவருகிறேன். நல்ல மீன்தொட்டி உப்பை ஆர்ஓ நீரில் கரைத்து ஊற்றத் தொடங்கி இரண்டு மாதமாயிற்று; இன்று காலை பாஸ்பேட் அளவு 0.18. தோல்பவளம் ஒரு பக்கம் மட்டும் விரிந்திருக்கிறது.