கல்யாணம் ஆகாத பெற்றோர்களே, "ரெண்டு பேரும் குழந்தையைக் காட்டலாம்" என்பவரிடம் டாக்ஸ் வேலையைக் கொடுக்காதீர்கள்

அமெரிக்காவில் கல்யாணம் செய்துகொள்ளாமல் சேர்ந்து வாழ்ந்து, குழந்தையும் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். சீசனுக்கு மட்டும் கடை விரிக்கும் டாக்ஸ் ஆட்களிடம் ஜாக்கிரதை. (குழந்தையை "காட்டுவது" என்றால், வரிச் சலுகைக்காகத் தன்னை நம்பியிருக்கும் குழந்தை என்று ரிட்டர்னில் எழுதுவது.)

2024 வருட ரிட்டர்னை நானும் என் பார்ட்னரும் நியூ ஜெர்சியில் ஒருவரிடம் கொடுத்தோம். கல்யாணம் ஆகவில்லை, ஒரே வீடு, ஒரு பெண் குழந்தை, எல்லாம் தெளிவாகச் சொன்னோம். "ஜாயின்ட்டா போட முடியாது மேடம், அதனால ரெண்டு பேரும் தனித்தனியா குழந்தையைக் காட்டிடலாம், பேரன்ட்ஸ்தானே" என்றார். போதாக்குறைக்கு இருவருக்குமே ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட், அதாவது குடும்பத் தலைவர் என்ற வகையைப் போட்டுவிட்டார். அந்த வருடம் அதில் வருமானத்திலிருந்து கழிக்கும் தொகை 21,900 டாலர், சிங்கிள் என்றால் 14,600தான், ரீஃபண்ட் நன்றாக ஏறும். இவர் கூலியோ ரீஃபண்டில் சதவீதம். புரிகிறதா?

பார்ட்னருடையது ஈ-ஃபைலில் போய்விட்டது. குழந்தையின் சோஷியல் செக்யூரிட்டி நம்பர் ஏற்கெனவே இன்னொரு ரிட்டர்னில் இருக்கிறது என்று என்னுடையது ரிஜெக்ட். அதைப் பற்றி மூச்சே விடாமல், "சிஸ்டம் பிராப்ளம்" என்று சொல்லிப் பேப்பரில் அனுப்ப வைத்தார். அப்புறம் இருவர் பெயருக்கும் வரித்துறையான ஐஆர்எஸ்ஸிலிருந்து சிபி87ஏ கடிதம், அதாவது இதே குழந்தையை இன்னொருவரும் காட்டியிருக்கிறார் என்ற அறிவிப்பு.

ஒரு குழந்தையை ஒரு வருடத்தில் இருவரும் காட்டக் கூடாது. யார் காட்டுவது என்று சேர்ந்து வாழும் பெற்றோர் தங்களுக்குள் பேசிக்கொள்ளலாம், ஆனால் இருவருமே காட்டிவிட்டால் குழந்தை அதிக நாள் யாருடன் இருந்ததோ அவருக்கு, நாள் சமமென்றால் ஏஜிஐ (ரிட்டர்னில் சில கழிவுகள் போக வரும் வருமானம்) அதிகம் உள்ளவருக்கு. ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட் என்பது வீட்டுச் செலவில் பாதிக்கு மேல் போடுபவருக்கு. ஒரே வீட்டில் இரண்டு பேர் எப்படி ஐயா பாதிக்கு மேல் போடுவார்கள்?

சம்பளம் எனக்குத்தான் அதிகம். அதனால் பார்ட்னர் 1040-எக்ஸ் என்ற திருத்த ரிட்டர்ன் போட்டு, சைல்ட் டாக்ஸ் கிரெடிட் 2,000 டாலரையும் கூடுதலாக வந்த மிச்சத்தையும் வட்டியோடு கட்டினார்.

அந்த ஆளைக் கேட்டால், "அது உங்க குடும்ப விஷயம் மேடம்" என்கிறார். ரிட்டர்னின் இரண்டாம் பக்கத்தைப் பாருங்கள், அடியில் பெய்டு பிரிபேரர் (கூலிக்கு ரிட்டர்ன் தயாரிப்பவர்) கட்டம் இருக்கும். எங்களுடையதில் பெயர், கையெழுத்து, பிடிஐஎன் (தயாரிப்பவருக்கு ஐஆர்எஸ் தரும் அடையாள எண்) எதுவுமே இல்லை, சுத்தமாகக் காலி! பார்ப்பவர்களுக்கு நாங்களே தயாரித்த ரிட்டர்ன் அது. காசு வாங்கிக்கொண்டு ரிட்டர்ன் போடுபவர் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும், மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். 14157 படிவத்தில் ஐஆர்எஸ்ஸுக்கு இவர் மீது புகார் அனுப்பியிருக்கிறேன். கொடுத்த கூலியைத் திருப்பிக் கேட்டதிலிருந்து அவர் போனை எடுப்பதில்லை.