பாரிஸில் எந்த பாஸ் வாங்கலாம்? முதலில் கிழமையைப் பாருங்கள்

பாரிஸில் எந்தக் கிழமை போய் இறங்குகிறீர்கள்? டிக்கெட் செலவில் பாதி அதிலேயே தீர்மானமாகிவிடும். கீழே வரும் போக்குவரத்துக் கட்டணங்கள் 2025-இல் இருந்தவை. ஆண்டுதோறும் கொஞ்சம் ஏறும்.

பாரிஸ் பொதுப் போக்குவரத்துக்கான நவிகோ வாரப் பாஸ் 31.60 யூரோ. அதை ஏற்றிக்கொள்ள டெகுவெர்த் அட்டைக்கு 5 யூரோ, ஒட்டுவதற்கு ஒரு சின்னப் புகைப்படம். மெட்ரோ, பஸ், ஆர்.இ.ஆர். எனும் புறநகர் ரயில், சார்ல் து கோல், ஓர்லி விமான நிலையங்கள், வெர்சாய் எல்லாமே இதில் அடக்கம். விமான நிலையத்துக்குத் தனி டிக்கெட் எடுத்தால் ஒரு தடவைக்கு 13 யூரோ, போக வர 26. அப்படியென்றால் அட்டை விலையையும் சேர்த்து, மீதி 10.60 யூரோவுக்கு வாரம் முழுக்க ஊர் சுற்றுகிறீர்கள். ஒரே சிக்கல், அந்த வாரம் திங்களில் தொடங்கி ஞாயிறோடு முடிந்துவிடும். நடப்பு வாரத்துக்கான பாஸை வியாழன் வரைதான் விற்பார்கள். வியாழன் இறங்கி ஞாயிறு கிளம்பினாலும் கட்டுப்படியாகும். வெள்ளி இறங்குகிறவருக்கு இது உதவாது.

சுற்றுலாப் பயணிகளுக்கென்றே விற்கப்படும் போக்குவரத்துப் பாஸான பாரிஸ் விசித் 5 நாளுக்கு 76.25 யூரோ. எந்த நாளிலும் தொடங்கலாம், சில இடங்களில் நுழைவுக் கட்டணம் குறையும். ஆனால் வாரப் பாஸைவிட இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்துவிட்டு அந்தச் சலுகையில் எத்தனை யூரோவைத் திரும்பப் பிடிப்பது? 4 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்குப் பாதி விலை என்பார்கள். அந்தப் பாதியே 38 யூரோவுக்கு மேல். பெரியவரின் வாரப் பாஸ் அதைவிட மலிவு!

வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும் என்றால் நவிகோ ஈஸி அட்டை போதும். விலை 2 யூரோ, ஆளுக்கு ஒன்று வேண்டும். மெட்ரோ டிக்கெட் 2.50, பஸ் 2. நாள் பாஸ் 12 யூரோ. ஐந்து மெட்ரோப் பயணமாவது போனால்தான் லாபம். அதில் விமான நிலையம் சேராது.

அப்புறம், பல மியூசியங்களுக்கும் ஒரே நுழைவுச் சீட்டான மியூசியம் பாஸ். இங்கே கிழமைக் கணக்கு தலைகீழாகிறது. திங்களன்று ஓர்சே மியூசியமும் வெர்சாய் அரண்மனையும் மூடியிருக்கும், செவ்வாயன்று லூவ்ர் மியூசியம். இரண்டு நாள் பாஸோ முதல் வாசலில் காட்டியதிலிருந்து 48 மணி நேரம், இடைவெளியில்லாமல் ஓடும். ஆகவே திங்கள் காலையிலேயே ரயில் பாஸோடு இதையும் தொடங்குவது வீண். முதல் இரண்டு நாள் தெருக்களையும் லா ஷாப்பெல் பகுதியில் நம் தமிழர் கடைகளையும் பார்த்துவிட்டு, புதன் காலை தொடங்குங்கள்.

ஐரோப்பியரல்லாதவர்களுக்கு லூவ்ர் நுழைவு 2026 ஜனவரியிலிருந்து 32 யூரோ ஆகிவிட்டது. எனவே லூவ்ர், வெர்சாய், ஓர்சே மூன்றையும் பார்க்கிறவர்கள் பாஸ் விலையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. லூவ்ர் ஒன்று மட்டும் என்றால் தனி டிக்கெட்டே சரி. பாஸ் இருந்தாலும் லூவ்ருக்கும் வெர்சாய்க்கும் நேரம் முன்பதிவு செய்தே ஆகவேண்டும். ஐஃபில் கோபுரம் மியூசியம் பாஸில் கிடையாது.

பிள்ளைகளுக்கு மியூசியம் பாஸ் வாங்கவே வேண்டாம். 18 வயதுக்குக் கீழே எந்த நாட்டவருக்கும் இந்த மூன்று இடங்களிலும் இலவசம். வயதுக்குச் சான்றாகப் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.