649 ரூவா கோல் பிளானர், உப்புக்காத்துல அஞ்சு மாசம்

குறிக்கோள எழுதி வச்சுப் பாக்குற டைரி இது, ஏப்ரல் மொத வாரம் ஆன்லைன்ல வாங்குனது. கம்பெனி பேரு போடல, ஏன்னா இதே மாதிரி பிளானர் இப்ப ஆளாளுக்கு விக்கிறாங்க, உள்ள பாத்தா எல்லாத்துலயும் கிட்டத்தட்ட ஒரே சரக்குதான். கொரியர்காரரு எங்க ஊரு, ராமேஸ்வரம் தீவுல இருக்க தங்கச்சிமடம், மெயின் ரோட்ல நின்னுக்கிட்டு "அக்கா இங்க வந்து வாங்கிக்கங்க"ன்னு போன் போட்டாரு, அடுப்ப அணைச்சுட்டு ஓடிப்போய் வாங்கிட்டு வந்தேன். அயித்தை பிரிச்சுப் பாத்துட்டு "இதுல என்னத்தா எழுதுவ, பால் கணக்கா"ன்னாங்க. மீன்பிடி தடைக்காலத்துக்கு அரசாங்கம் குடுக்குற 8,000த்த எதிர்பாத்து நிக்கிற வீட்டுல 649 ரூவாய்க்கு டைரின்னா அவுக கேக்குறதும் நியாயந்தான்.

நம்ம நெலம என்னன்னா, பெரியவன் ஆறாப்பு, சின்னவ யூகேஜி, வீட்டுக்காரவுக விசைப்படகுல போறவுக. பி.எட். முடிச்சு சும்மா கெடக்கு. குரூப் 4 எழுதணும்னு மூணு வருஷமா சொல்லிக்கிட்டே இருக்கேன், அப்புறம் நடக்கணும், ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் ஏறுன வெயிட்டு அப்படியே நிக்குது. இது ரெண்டுக்காகத்தான் வாங்குனேன்.

அட்டை நல்லா கெட்டியா இருக்கு, ஒத்துக்கணும். தேதி அச்சடிக்காம விட்டுருக்கது பெரிய நிம்மதி, ஒரு வாரம் விட்டாலும் பக்கம் வீணாகாது. ஆனா மொத பக்கமே "இன்னும் அஞ்சு வருஷத்துல நீங்க எங்க இருப்பீங்க". அதை எழுத ஒக்காந்தா சின்னவ வந்து மடியில ஏறிட்டா, அந்தப் பக்கத்துல இப்ப அவ வரைஞ்ச போட்டு (படகு) ஒண்ணு இருக்கு, கொடியோட. அடுத்த பக்கம் காலைல அஞ்சு மணி ரொட்டீன், தியானம் 20 நிமிஷம், அப்புறம் எக்சர்சைஸ், அப்புறம் புத்தகம். யாருக்குப்பா இது. அவுக கடலுக்குப் போறது சனி, திங்கள், புதன், மறுநாள் வெள்ளன கரைக்கு வருவாக, அன்னைக்கு நான் எந்திரிக்கிற நேரத்த கடலும் மீனும் தான் முடிவு பண்ணும், காவேரித் தண்ணி வந்துட்டா குடம் தான் முடிவு பண்ணும்.

அப்புறம் அந்த 21 நாள் சேலஞ்ச். 21 கட்டம், தெனமும் ஒரு ஸ்டிக்கர், ஒரு நாள் விட்டா மறுபடி ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கணும்னு கீழ கொட்ட எழுத்துல போட்டுருக்கான். எனக்கு ஒம்பதாவது நாள் போச்சு, சின்னவளுக்குக் காய்ச்சல், ராத்திரி பூரா நெத்தில துணி போட்டுக்கிட்டே இருந்தேன், காலைல அந்தப் பக்கத்தப் பாத்தா அழுகையா வந்துச்சு. உண்மையச் சொன்னா அதுக்கப்புறம் ரெண்டு வாரம் டைரியவே தொறக்கல. இந்த 21 எங்க இருந்து வந்துச்சுன்னு தேடுனேன் (பி.எட். புத்தி). மேக்ஸ்வெல் மால்ட்ஸ்னு ஒரு அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், ஆபரேசன் பண்ணுனவங்களுக்கு புது முகம் பழக கொறஞ்சது 21 நாள் ஆகுதுன்னு 1960ல எழுதுனது, அது அப்படியே கைமாறி கைமாறி பழக்கத்துக்கெல்லாம் சட்டமாயிருச்சு. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ்ல 96 பேர வச்சுப் பாத்த ஆராய்ச்சி 2010ல வந்துருக்கு, அதுல ஒரு பழக்கம் ஒட்டுறதுக்கு நடுவாந்தரமா 66 நாள், ஆளுக்கு ஆள் 18ல இருந்து 254 வரைக்கும் போகுது, நடுவுல ஒரு நாள் விட்டுப்போனா பெருசா ஒண்ணும் கெடலன்னும் அதே ஆராய்ச்சில இருக்கு. இந்த ஒரு வரிய அந்தக் கம்பெனிக்காரன் அச்சடிச்சிருந்தா நான் ரெண்டு வாரத்த தொலைச்சிருக்க மாட்டேன்.

66ன்னு பாத்ததும் எனக்குத் தோணுனது தடைக்காலம், ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள். போட்டே போகாம இருக்குற அந்த 61 நாளு எங்க ஊருல எல்லாருக்கும் அத்துப்படி, வலை கட்டுறது, போட்டுக்கு பெயிண்டு அடிக்கிறது, எல்லாம் அதுக்குள்ள. அவுக வீட்டுல இருக்குறதால புள்ளைகளப் பாத்துக்கிட ஆள் இருக்கு, சரி மிச்சம் இருக்க நாளாவது ஆகட்டும்னு ஸ்டிக்கர் பக்கத்த மூடிட்டு நானே பேனாவால கோடு போட ஆரம்பிச்சேன். விட்ட நாளுக்கு பெருக்கல் குறி, திரும்ப ஒண்ணுல இருந்து எல்லாம் கிடையாது.

இந்த பிளானர்ல காசு குடுத்து வாங்குனதுக்கு ஒரே ஒரு பக்கம் தான் தகும். வாரப் பக்கம். மேல "இந்த வாரம் ஒரே ஒண்ணு"ன்னு ஒரு கட்டம், கீழ ஒவ்வொரு நாளுக்கும் நேரா "எது தடுத்துச்சு"ன்னு சின்ன கட்டம். மொதல்ல அதைக் கண்டுக்கல. ஜூன் பாதில தொழில் ஆரம்பிச்சு, பள்ளிக்கூடமும் தொறந்து, எல்லாம் தாறுமாறாப் போனப்ப அந்தச் சின்னக் கட்டத்த மட்டும் நெரப்பிக்கிட்டு வந்தேன், மூணு வாரம் கழிச்சு எண்ணிப் பாத்தா 14 பெருக்கல் குறில 9 செவ்வாய், வியாழன், ஞாயிறு, அதாவது போட்டு கரைக்கு வர்ற நாளு. நான் சோம்பேறின்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன், கடைசில பாத்தா கெழமைதான். அன்னைல இருந்து அந்த மூணு நாளும் படிப்பு கிடையாது, எழுதவே மாட்டேன், மிச்சம் நாலு நாளு தான். அந்த நாலுல மூணு ஓடுனா போதும்னு வச்சுக்கிட்டேன்.

பிளானர்ல இல்லாதது "எப்ப, எங்க வச்சு". பி.எட்.ல படிச்சது, பீட்டர் கோல்விட்சர்னு ஒருத்தர், "இது நடந்ததும் அதைச் செய்வேன்"னு முன்னாடியே முடிச்சுப் போட்டு வச்சா செய்யிறது அதிகமாகுதுன்னு சொன்னவரு. நான் போட்ட முடிச்சு: மாதா கோயில் சாயங்கால மணி அடிச்சதும் பெரியவன் பாடப் புத்தகத்த எடுப்பான், நானும் அதே புத்தகத்த எடுப்பேன். குரூப் 4ல 200 கேள்வி, அதுல 100 தமிழ், பத்தாப்பு தரம், அப்ப ஆறாப்பு தமிழ்ப் புத்தகம் எனக்கும் பாடந்தானே. அவன் வீட்டுப்பாடத்துக்கு ஒக்கார வைக்க நான் தனியா கத்த வேண்டியதும் இல்ல. போன வாரம் நான் அவனைக் கேள்வி கேக்குறேன்னு "ஆய்த எழுத்துக்கு ஒரு மாத்திரை"ன்னு உளறிட்டேன், "அம்மா, மெய்யெழுத்துக்கும் ஆய்தத்துக்கும் அரை மாத்திரை, நீ எப்புடி பாஸாவ"ன்னான். அடுப்படில இருந்து அயித்தை சிரிக்கிற சத்தம்.

நடக்குறதுக்கு தெனமும் 10,000 ஸ்டெப்னு அச்சடிச்சே வச்சுருக்கான், அதைக் கோடு போட்டு அடிச்சுட்டேன். உலக சுகாதார நிறுவனம் கேக்குறது வாரத்துக்கு 150 நிமிஷம், கொஞ்சம் மூச்சு வாங்குற நடை. சின்னவள பள்ளிக்கூடத்துல விட்டு வர 15 நிமிஷம், கூப்பிட்டு வர 15 நிமிஷம், அஞ்சு நாளைக்குப் போட்டா கணக்கு கச்சிதமா 150 வருது, துள்ளிக் குதிச்சுட்டேன். அப்புறம் தான் யோசிச்சேன், அவ கூட நடந்தா ஒவ்வொரு ஆட்டுக்குட்டிக்கும் நிக்கணும், நான் தனியா நடக்குற பாதி தூரம் மட்டுந்தான் கணக்கு. அப்ப 75. மீதிய இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்கேன், அதுல பொய் சொல்ல விரும்பல.

இப்ப தரம். ஜெல் பேனால எழுதுனா பின்னாடி பக்கம் வரைக்கும் ஊறுது, பால்பாயிண்ட் தான். ஸ்பைரல் கம்பி ரெண்டே மாசத்துல துரு, எங்க வீட்டுல ஜன்னல் கொக்கியே நிக்காது இது எங்க நிக்கும், கைல துருக்கறை படுது, பக்கத்தத் திருப்புனா ஓரம் கிழியுது. கஸ்டமர் கேருக்கு போட்டோ அனுப்புனேன், "ஈரம் இல்லாத எடத்துல வைங்க மேடம்"னு பதில். தம்பி, தீவுல இருக்கேன், சுத்தி கடல். கடைசில வாரப் பக்கத்த மட்டும் கிழிச்சு, அடுப்படில ஜவுளிக்கடை காலண்டர் தொங்குற அதே ஆணில மாட்டிட்டேன், டைரியா இருந்தப்பவிட இப்பதான் கண்ணுல படுது.

திரும்ப வாங்குவனான்னா மாட்டேன். நாப்பது ரூவா லாங்சைஸ் நோட்டுல "ஒரே ஒண்ணு", "எது தடுத்துச்சு"ன்னு நீங்களே கோடு போட்டுக்கலாம், நூல் தையல் நோட்டா பாத்து வாங்குங்க. நேரம் நம்ம கையில இருக்குறவங்க, ஏசி ரூம்ல டேபிள் போட்டு எழுதுறவங்க தாராளமா வாங்கலாம்.

மூணு ஸ்டார். ரெண்டு அந்த வாரப் பக்கத்துக்கு, ஒண்ணு ஸ்டிக்கருக்கு, சின்னவ அவ்வளவையும் பீரோ கதவுல ஒட்டி முடிச்சுட்டா.