பட்டாம்பூச்சிக்குச் செடி வாங்கப் போன கதை

தாம்பரம் பக்கம் ஒரு நர்சரி, பேர் வேண்டாம். பட்டாம்பூச்சிக்குச் செடி வேணும் என்றதும் குரோட்டன்ஸைக் காட்டினார்கள். விடாமல் கேட்டபின் பின்கட்டிலிருந்து ஆடுதின்னாப்பாளைக் கொடி வந்தது, 60 ரூபாய். சிவப்புடல் அழகி என்ற பட்டாம்பூச்சி இதில் முட்டையிடும். எருக்கு கேட்டேன், சிரித்தார்கள். (ரோட்டோரம் சும்மாவே கிடைத்தது. வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சிக்கு அது போதும்.)

கறிவேப்பிலைக் கன்றில்தான் ஏமாந்தேன். மருந்தடித்ததைச் சொல்லவே இல்லை. முதலில் வந்த ஏழு புழுவும் இரண்டே நாளில் சுருண்டு விழுந்தன. போய்க் கேட்டால், "புழு வராம இருக்கத்தானே சார் அடிச்சோம்" என்கிறார் கடைக்கார அண்ணன். எனக்கு வேண்டியதே புழுதான், அதுதானே பட்டாம்பூச்சியாகும்! இரண்டு மாதம் கழித்து விட்ட தளிரில் இப்போது பறவை எச்சம் மாதிரி நாலு புழு உட்கார்ந்திருக்கின்றன.

கொடிக்காக மறுபடி போவேன். கறிவேப்பிலை மட்டும் பக்கத்து வீட்டில் பக்கக்கன்று கேட்டு வாங்குங்கள்.