4.7-ஐக் கழற்றலாமா? பழைய டீசல் லாண்ட்ரோவருக்கு எந்தக் கியர் விகிதம்

சீரிஸ் 3 டீசல் லாண்ட்ரோவரில் மட்டக்களப்பிலிருந்து கல்முனை போய் வருகிறவர்கள் எல்லோரிடமும் ஒரே முறைப்பாடுதான்: 80-ஐத் தொட்டால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. வண்டி மாறவில்லை. வீதி காபட் ஆகிவிட்டது. நமக்கு அவசரம் கூடிவிட்டது.

1971 முதல் 1985 வரை உற்பத்தியான இந்த வண்டியின் 2.25 லீற்றர் டீசல் எஞ்சினுக்கு 62 குதிரைவலுதான். அந்த வலுவோடு சேற்றிலும் பாரம் இழுக்க வேண்டும் என்பதால் அச்சில் 4.7 விகிதம் வைத்தார்கள்; அதாவது சில்லு ஒரு சுற்றுச் சுற்ற, அச்சுக்கு வலு கொண்டுவரும் புரொப்பெலர் தண்டு 4.7 சுற்றுச் சுற்றும். கியர் பெட்டியிலிருந்து வலுவை முன், பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் பெட்டியில் இரண்டு நிலை: வீதிக்கு ஹை, சேற்றுக்கு லோ. ஹையின் விகிதம் 1.148. பெருக்கினால், நாலாம் கியரில் சில்லு ஒரு சுற்றுச் சுற்ற எஞ்சின் 5.4 சுற்றுச் சுற்றுகிறது. 7.50-16 டயரில் 80 கிலோமீற்றர் வேகத்துக்கு நிமிடத்துக்குச் சுமார் 2,900 சுற்று. இரைச்சலுக்குக் காரணம் இந்தக் கணக்கே.

கராஜில் முதலில் கிடைக்கும் யோசனை, பழைய ரேஞ்ச் ரோவர் அல்லது டிஃபெண்டரின் 3.54 டிஃபரென்ஷியலை (அச்சின் நடுவில் இந்த விகிதத்தைத் தரும் பற்சக்கரத் தொகுதி) போடுவது. குட்டை 88 அங்குல வண்டியில் முன்னும் பின்னும் அதே ரோவர் வகை அச்சு என்பதால் அது நேராகவே உட்காரும். 2,900 சுற்று 2,200 ஆகிவிடும். காதுக்கு நிம்மதிதான்.

ஆனால் அச்சில் கை வைத்தால் எல்லாக் கியரும் சேர்ந்து மாறும்; வேண்டியதை மட்டும் மாற்ற முடியாது. லோவில் முதல் கியரின் மொத்த விகிதம் 40.6-இலிருந்து 30.6-க்கு இறங்கிவிடும். எஞ்சின் 1,000 சுற்றில் ஓடும்போது முன்பு மணிக்கு மூன்றரை கிலோமீற்றரில் ஊர்ந்த வண்டி இப்போது கிட்டத்தட்ட ஐந்தில் ஓடும். காகிதத்தில் இது அற்ப வித்தியாசம். பெரும்போக அறுவடை நேரத்தில் மழை பிந்திப் பெய்து, வெல்லாவெளிப் பக்கத்து வயல் வட்டையிலிருந்து நெல் மூடைகளோடு களிமண் பாதையில் ஏற வேண்டி வந்தால் அது அற்பமில்லை. வேகத்தைக் குறைக்கக் கிளச்சை அரைவாசி மிதிக்க வேண்டும்; கிளச் தகடு தேயும். ஹையிலும் இதே கதை. பாரத்தோடு நின்ற இடத்திலிருந்து கிளம்ப முன்பு 19.9 இருந்தது, இப்போது 15.

தார் வீதியிலும் 3.54 முழு வெற்றி என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கச்சான் காற்று எதிரே அடிக்கும் நாளில் 62 குதிரைவலு நாலாம் கியரைப் பிடித்து வைக்காது. மூன்றுக்கு இறங்கவே வேண்டும். செங்கலடியிலிருந்து மகாஓயா, பிபிலை வழியாகப் பதுளைக்கு ஏறும் ஏ-5 வீதியில் கேட்கவே வேண்டாம். லாண்ட்ரோவரின் பிந்திய, வலுக்கூடிய டேர்போ டீசலான 200 அல்லது 300 டிடிஐ எஞ்சின் மாற்றிய சீரிஸ் வண்டிக்கு 3.54 பொருந்தும். மூல எஞ்சினுக்கு அது பெரிய ஆளின் சட்டை.

என் தெரிவு ஓவர்டிரைவ்: வேண்டும்போது மட்டும் போட்டு எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர். டிரான்ஸ்ஃபர் பெட்டியின் பின்புறத்தில் பூட்டும் ஃபேரி ஓவர்டிரைவின் விகிதம் 0.782. நாலாம் கியரோடு சேர்த்தால் 5.4 என்பது 4.2 ஆகும், 80-இல் சுமார் 2,300 சுற்று. 3.54 தரும் அமைதியில் பெரும்பங்கு இதிலேயே கிடைத்துவிடுகிறது. நெம்புகோலைத் திருப்பிவிட்டால் வண்டி பழைய வண்டி, லோவின் 40.6 அப்படியே இருக்கிறது. இன்னொரு இலாபத்தைப் பலர் கவனிப்பதில்லை. மூன்றாம் கியரின் மொத்த விகிதம் 8.1, நாலாம் கியருடையது 5.4, நடுவில் பெரிய பள்ளம். மூன்றாம் கியரில் ஓவர்டிரைவைப் போட்டால் 6.3 வருகிறது. எதிர்காற்றுக்கும் பதுளை ஏற்றத்துக்கும் தேவைப்படுவது அந்த இடைக் கியர்தான்.

குறையும் உண்டு. அதன் எண்ணெய்த் தொட்டி மிகச் சிறியது. தனியாகப் பார்த்து நிரப்ப வேண்டும், மறந்தால் உள்ளே எல்லாம் போய்விடும். கடும் பாரம் இழுக்கும்போது அதைப் போடக்கூடாது. பழையதை வாங்கினால் ஊளைச் சத்தம் இலவசம். எண்ணெய் பார்க்கும் பழக்கமே இல்லாதவர், டிரான்ஸ்ஃபர் பெட்டிக்குள் ஹை பற்சக்கரங்களை மட்டும் மாற்றும் தொகுதியைத் தேடுவது நல்லது. அதிலும் லோ கெடாது. ஆனால் ஹையில் கிளம்பும் பலம் நிரந்தரமாகக் குறையும், இடைக் கியரும் கிடைக்காது.

பிந்திய லாண்ட்ரோவர்களின் ஐந்து கியர் எல்டி77 பெட்டியையும் எல்டி230 டிரான்ஸ்ஃபர் பெட்டியையும் முழுதாக ஏற்றுவது பெரிய வேலை: தாங்கிகள், புரொப்பெலர் தண்டுகள், தரைத் தகடு எல்லாம் மாறும். அவ்வளவும் செய்தாலும் எஞ்சின் அதே 62. ஆட்டோமாற்றிக் பற்றி ஒரு வரி: பாணமையிலிருந்து ஒக்கந்தைக்குப் போகும் மணலில் அதன் டோர்க் கன்வேர்ட்டர் (கிளச்சுக்குப் பதிலாக எண்ணெய் வழியே வலுவைக் கடத்தும் பகுதி) அருமையாக இழுக்கும், ஆனால் அதுவே தின்னும் வலுவை இந்த எஞ்சின் எங்கிருந்து கொடுக்கும்?

டிஃபெண்டர் 300 டிடிஐ வைத்திருப்பவருக்குப் பாதை இலகு. அதில் அச்சு ஏற்கெனவே 3.54, எல்டி230-இன் ஹை 1.41. டிஸ்கவரியில் வந்த 1.222 பெட்டியை மாற்றிப் போட்டால் ஐந்தாம் கியரில் 80-க்கு 2,100 இருந்த சுற்று 1,800 ஆகும். அந்த எஞ்சினின் உச்ச முறுக்குவிசையும் 1,800-இல்தான். இரண்டு பெட்டிகளிலும் லோ 3.32 என்பதால் சேற்றில் எதுவும் இழப்பில்லை.

எதை வாங்கும் முன்பும், வண்டியில் இப்போது என்ன இருக்கிறது என்று பாருங்கள். இத்தனை வருடத்தில் யார் எதை மாற்றினார்கள் என்று சொல்ல முடியாது. சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். இந்த வண்டியின் ஹேண்ட்பிரேக் பின் புரொப்பெலர் தண்டைப் பிடிப்பதால் அதை விடுவிக்காமல் சோதனை நடக்காது. கியரை நியூட்ரலில் விட்டு, ஒரு பின் சில்லை மட்டும் தூக்கி, அதை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். தண்டு நாலே முக்காலுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றினால் 4.7, மூன்றரை சுற்றினால் 3.54. முன் அச்சையும் அப்படியே பாருங்கள். இரண்டும் வேறுபட்டால் நாலு சில்லுக்கும் இழுவை போட்ட கணமே அச்சுகள் ஒன்றையொன்று முறுக்கத் தொடங்கும். நீண்ட 109 அங்குல வண்டியில் பின்னச்சு சால்ஸ்பரி என்ற வேறு வகையாக இருந்தால் ரோவர் டிஃபரென்ஷியல் அதற்குள் போகாது. விற்பவர் போகும் என்று சத்தியம் செய்தாலும் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.